மண்ணுக்கடியில் ஒரு மாநகர் வாயில்

மதுரை மாநகரைக் காணப் புறஞ்சேரியிலிருந்து தனியே புறப்படும் கோவலன், கோட்டை வாயிலை அடையுமுன் சுருங்கை வீதி ஒன்றன் மருங்கே செல்கிறான். யானைகள் கூட்டமாகச் செல்லத்தக்க அகலமுடைய அவ்வீதியை, மறைத்து அமைக்கப்பட்ட வழி என உரை கூறுவர். அதனை அடுத்து வருவது, வாளேந்திய யவனர் காவல் புரியும் மதில் வாயில். 'சுருங்கை' என்னும் இச்சொல்லையும், வடமொழியில் அதற்கு இணையாக வழங்கும் சொல்லையும், குழலையும் குழாயையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு உறவுடையவாகக் கருதுவர் மொழியறிஞருட் சிலர். அது மெய்யாயின், சுருங்கையும் யவனரும் இளங்கோவடிகள் காட்டும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து நிற்பது எண்ணி மகிழத்தக்கது. சொல் எங்கிருந்து வந்ததாயினும் ஆகுக. நிலத்தினடியில் வழி அமைத்து அதனூடே நகருக்குள் நுழைவது என்னும் எண்ணம் தமிழனுக்குப் புதியதன்று என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

ஐதராபாத்தில் வாழும் நாம் நிலத்தடி ரயில் நிலையம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பை அளிக்கலாம். ஏனெனில் இந்நகரில் அத்தகைய நிலையம் ஒன்றுகூட இல்லை. சார்மினாரிலிருந்து கோல்கொண்டாக் கோட்டை வரையில் ஒரு சுரங்கம் உண்டு என்ற கதையை மட்டும், இங்கு வந்து குடியேறிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் முதல் ஆண்டிலேயே பக்கத்து வீட்டாரிடமிருந்து கேட்டுவிடுகிறது. அதனுள் நடந்தவரை நாம் இதுவரை சந்திக்கவில்லை. கதையிலுள்ள ரயிலில்லாச் சுரங்கத்தை விட்டு, கண்முன் ஓடும் மெட்ரோ ரயிலைப் பார்ப்போமானால், அது முழுவதும் தூண்களின்மேல் வானத்தை ஒட்டிச் செல்கிறது. 2017 நவம்பரில் மியாப்பூர் முதல் நாகோல் வரை 30 கிலோமீட்டருக்குத் தொடங்கப்பெற்று, 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 69 கிலோமீட்டராக வளர்ந்த அவ்வமைப்பின் 57 நிலையங்களும் தரைக்கு மேலேயே உள்ளன. இந்நகரம் அமர்ந்திருப்பது தக்காணத்தின் பழமையான கருங்கற்பாறையின்மேல். அதைக் குடைவது அரிது என்பது ஒன்று. நிலத்தடி வழிக்கு ஆகும் செலவு தூண்வழியைப்போல் இரண்டு மூன்று மடங்காகும் என்பது மற்றொன்று. தனியார் முதலீட்டில் எழுந்த திட்டத்தில் இரண்டாவது காரணமே வலுவானது என்று நாம் கருதுகிறோம்.

ஆகவே, இங்கிருந்து இரவு ரயிலில் ஏறினால் மறுநாள் காலை நாம் சென்று இறங்கும் இடத்தையே ஆராய எடுத்துக்கொண்டோம். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் முன்னே, நிலத்தினடியில் அமைந்துள்ள மெட்ரோ நிலையமே நம் பொருள். ஐதராபாத் தமிழருக்கு அது தாய்மண்ணின் தலைவாயில். வாயிலின் கீழே மற்றொரு வாயில் தோண்டப்பட்ட வரலாற்றை அறிந்துகொள்வது நமக்கு அயல் வேலை ஆகாது.

நிலத்தடி ரயிலின் பிறப்பு

உலகில் முதன்முதலாக நிலத்தடியில் ரயில் ஓடியது 1863 ஜனவரி 10 அன்று, இலண்டன் மாநகரில். பாடிங்டன் முதல் பாரிங்டன் வரை ஓடிய அவ்வண்டியை இழுத்தது நீராவி எஞ்சின். குகையினுள் நிலக்கரிப் புகை சூழ, விளக்கொளியில் கனவான்களும் எழுத்தர்களும் அருகருகே அமர்ந்து சென்றனர். தெருவை வெட்டி, பள்ளத்தில் இருப்புப்பாதை இட்டு, மேலே மூடுவதே அன்றைய முறை. ஆழத்தில் வட்டக் குழாயாகக் குடைந்து மின்சாரத்தால் வண்டி ஓட்டும் முறை 1890இல் அதே நகரில் தோன்றியது. பின்னர் புடாபெஸ்ட் 1896இலும், பாரிஸ் 1900இலும், நியூயார்க் 1904இலும் இவ்வழியைப் பின்பற்றின. மாஸ்கோ 1935இல் தன் நிலையங்களைச் சலவைக்கல்லும் சரவிளக்குமாக அரண்மனைகளைப்போல் அமைத்தது. உழைப்பாளி நடக்கும் இடம் அரசன் நடந்த இடத்தினும் தாழ்ந்ததாக இருத்தலாகாது என்பது அவர்தம் கொள்கை. செலவைப் பற்றி அவர்கள் என்ன எண்ணினர் என்பது வேறு கதை.

இந்தியாவில் இப்பெருமை முதலில் கொல்கத்தாவுக்கு வாய்த்தது. 1972 டிசம்பர் 29இல் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அடிக்கல் நாட்டினார். 1984 அக்டோபர் 24இல் எஸ்பிளனேடு முதல் பவானிப்பூர் வரை முதல் வண்டி ஓடிற்று. தொலைவு 3.4 கிலோமீட்டர், பிடித்த காலம் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு. டம்டம் முதல் டாலிகஞ்சு வரை அவ்வழி முழுமை பெற்றது 1995இல். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு இக்காலக்கணக்கு வியப்பளிக்கவில்லை. கோப்பின் முதற்பக்கத்தில் உள்ள தேதிக்கும் கடைசிப் பக்கத்தில் உள்ள தேதிக்கும் இடையில் ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் கொல்கத்தாவின் தெருக்கள் அந்நாளில் அகழ்ந்து கிடந்ததையும், அதனூடே மக்கள் அன்றாட வாழ்வை நடத்தியதையும் நினைத்தால், பின்வந்த நகரங்கள் அனைத்தும் அந்நகருக்குக் கடன்பட்டவை என்றே கூற வேண்டும். டெல்லியில் நிலத்தடிப் பகுதி 2004 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது.

மேலே இருந்த ஊர்

ஒரு நிலையத்தின் வரலாறு அதன் கற்களிலிருந்து தொடங்குவதன்று. அது நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. நகரின் இரண்டாவது முனையமாகப் பூங்கா நகரில் எழுந்ததே சென்ட்ரல் நிலையம், ஆண்டு 1873. ஜார்ஜ் ஹார்டிங் என்பார் வகுத்த அக்கட்டடத்துக்கு, பின்னர் இராபர்ட் சிசம் என்னும் கட்டடக் கலைஞரின் கைவண்ணம் சேர்ந்தது. மணிக்கூண்டோடு கூடிய அச்செந்நிற முகப்பைத் தமிழ்ப் படங்களில் கண்டவர், நேரில் காணாதவராயினும், சென்னை என்றவுடன் அதையே நினைவு கூர்வர்.

அதன் சுற்றுப்புறம் சிறிய பரப்பில் நூறாண்டுச் சென்னையைத் திணித்து வைத்தது போன்றது. எதிர்ப்புறம் அரசு பொது மருத்துவமனை. 1664இல் கோட்டையினுள் ஒரு சிறு மருத்துவமனையாகத் தோன்றிய அது, 1772இல் இவ்விடம் வந்தது. அருகே பூங்கா ரயில் நிலையம். மேற்கே வெள்ளை மாளிகையாக நிற்கும் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம் 1913இல் திறக்கப்பட்டது. அதற்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில் விக்டோரியா பொது மண்டபம். தமிழ் நாடக மேடையின் வரலாற்றில் அம்மண்டபத்துக்குத் தனி இடம் உண்டு என்பதை இம்மலரைப் படிப்போர் அறிவர். தெற்கே கூவம். சாலையில் 1895 முதல் மின்சார டிராம் வண்டிகள் ஓடின. குதிரையோ மாடோ இழுக்காமல் வண்டி ஓடுவதைக் கண்டு அஞ்சி ஏற மறுத்தவர்கள் அந்நாளில் உண்டு என்பர். 1953இல் டிராம் நின்றது.

மூர் மார்க்கெட்டை விட்டுவிட்டு இவ்விடத்தைப் பற்றிப் பேசுதல் இயலாது. 1900ஆம் ஆண்டில் எழுந்த அச்சிவப்புக் கட்டடத்தில் கிடைக்காத பொருள் இல்லை என்பர். பழைய புத்தகக் கடைகளே அதன் உயிர். சென்னையில் படித்த ஏழை மாணவர் எவரும் அக்கடைகளில் ஒருமுறையேனும் பேரம் பேசாதிருந்ததில்லை. நம் தந்தையார் அங்கே பாதி விலைக்கு வாங்கிய இலக்கண நூல் ஒன்று, அட்டை கிழிந்து, முன்னொருவர் பெயர் பச்சை மையில் எழுதப்பெற்று, இன்றும் நம் வீட்டு அலமாரியில் உள்ளது. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கு இரையாயிற்று. அப்போது நமக்கு வயது ஐந்து. தந்தையார் தோளில் அமர்ந்து அவ்வங்காடியைச் சுற்றியது நம் சொந்த நினைவா, அவர் பலமுறை சொல்லக் கேட்டு நாமே வரைந்துகொண்ட சித்திரமா என்று இன்றும் துணிந்து கூற முடியவில்லை. எரிந்த இடத்தில் பின்னர் ரயில்வேயின் கட்டடம் எழுந்தது. புறநகர் வண்டிகள் அங்கிருந்து புறப்படுகின்றன. பெயரில் மட்டும் மூர் மார்க்கெட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இருப்புப்பாதை ஆர்வலருக்காக இங்கு ஒன்று சொல்லிச் செல்வோம். இந்த ஒரே இடத்தில் மூவகை அகலமுள்ள பாதைகள் வாழ்ந்திருக்கின்றன. சென்ட்ரல் நிலையத்தில் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை. சாலைக்கு எதிரே பூங்கா நிலையத்தில் 1931 முதல் மின்சார வண்டி ஓடிய மீட்டர் பாதை. 2004இல் அதன் மின்சார வண்டிகள் ஓய்வு பெற்றன. இப்போது நிலத்தினடியில் 1435 மில்லிமீட்டர் கொண்ட நிலையான பாதை. ஒரு வண்டி மற்றதன் பாதையில் ஓட இயலாது. பயணியோ மூன்றிலும் மாறி மாறி ஏறினார். கொல்கத்தா தன் முதல் நிலத்தடி வழியை நம் பழைய அகலப் பாதையிலேயே அமைத்தது என்பதையும், நம் ஐதராபாத் 1435ஐயே ஏற்றது என்பதையும் ஒப்பு நோக்கலாம்.

தோண்டிய கதை

சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் 2007 டிசம்பரில் பதிவு பெற்றது. மத்திய, மாநில அரசுகள் சமபங்கு கொண்ட நிறுவனம் அது. முதற்கட்ட மதிப்பீடு 14,600 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி ஜப்பான் நாட்டுக் கடன். 2009 ஜூனில் வேலை தொடங்கிற்று. இரண்டு வழித்தடங்களில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் நிலத்தினடியில். வண்ணாரப்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை ஒரு தடமும், சென்ட்ரலிலிருந்து எழும்பூர், கீழ்ப்பாக்கம் வழியாகத் திருமங்கலம் வரை மற்றொரு தடமும் மண்ணுக்குள் செல்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் சென்ட்ரல். நடுநகரில் தூண் நிறுத்த இடமின்மை இதற்கு ஒரு காரணம். மணிக்கூண்டின் முன்னும் ரிப்பன் மாளிகையின் முன்னும் காங்கிரீட் பாலம் ஒன்று குறுக்கே சென்றிருந்தால் அவ்விடம் என்னவாயிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பவர்க்கு, மற்றக் காரணங்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மண்ணுக்குள் நிலையம் அமைப்பது எப்படி? வீடு கட்டுவோர் கீழிருந்து மேலே செல்வர். இங்கோ முறை தலைகீழ். முதலில் நிலையத்தின் நாற்புறமும் குறுகலான ஆழ்ந்த அகழி வெட்டுவர். வெட்ட வெட்ட மண் சரியும் அன்றோ? அதற்காக பென்டோனைட் என்னும் களிக்குழம்பை அகழி நிறைய ஊற்றி வைப்பர். குழம்பின் கனமே சுவர்களைத் தாங்கி நிற்கும். பின்னர் கம்பிக்கூட்டை உள்ளே இறக்கி, அடியிலிருந்து காங்கிரீட்டைச் செலுத்த, குழம்பு மேலே வந்துவிடும். அகழி சுவராக மாறிவிடும். இவ்வாறு நாற்புறமும் சுவர் எழுந்தபின் கூரையை இடுவர். கூரையின்மேல் சாலையை மீண்டும் அமைத்து வண்டிகளை விடலாம். கூரையின் கீழோ தோண்டும் வேலை தளம் தளமாகக் கீழ்நோக்கித் தொடரும். கோபுரத்தைக் கலசத்திலிருந்து கட்டத் தொடங்குவது போன்ற வேலை இது.

நிலையங்களுக்கு இடைப்பட்ட வழியைக் குடைந்தவை சுரங்கம் துளைக்கும் பேரியந்திரங்கள். முன்பக்கம் சுழலும் வெட்டுத்தட்டு மண்ணை அரியும். பின்பக்கம், முன்கூட்டியே வார்த்து வைத்த காங்கிரீட் துண்டுகளை வளையமாகப் பொருத்திக்கொண்டே இயந்திரம் முன்னேறும். தான் பொருத்திய வளையத்தின்மீதே காலூன்றி அது தன்னை முன்னே தள்ளிக்கொள்ளும். போக ஒன்று, வர ஒன்றாக இரட்டைக் குழாய்கள். சென்னை மண் எளிய மண் அன்று. கூவத்தை ஒட்டிய பகுதியில் வண்டலும் மணலும் களியும். சில அடி தோண்டினாலே ஊறும் நீர். அண்ணாசாலையில் களிமண்ணுக்குள் திடீரெனப் பாறை. மென்மண்ணுக்கு ஏற்ற வெட்டுப்பல் பாறையில் தேய்ந்துபோம். பாறைக்கு ஏற்றது மென்மண்ணில் அடைபட்டுப்போம். இரண்டும் ஒருங்கே எதிர்ப்பட்டால் பொறியாளர் பாடு திண்டாட்டம்தான். இடையே அண்ணாசாலைப் பகுதியை ஏற்றிருந்த கூட்டு நிறுவனம் விலக நேர்ந்ததும், வேறு கைகளுக்கு வேலை மாறியதும் காலத்தை நீட்டின. 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணாசாலையில் சாலை உள்வாங்கி, பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் பள்ளத்தில் இறங்கின. நல்வினையாக உயிர்ச்சேதம் இல்லை. இத்தகைய வேலையில் நிலம் எவ்வளவு கடுமையாகத் திருப்பியடிக்க வல்லது என்பதை, 2019 ஆகஸ்டு இறுதியில் கொல்கத்தாவின் பௌபஜார் மக்கள் கண்டனர். அங்கே குடையும் இயந்திரம் நீர்த்தேக்க மண்ணைத் தொட்டுவிட, மேலிருந்த பழைய வீடுகள் விரிசலுற்றுச் சில இடிந்தும் போயின. நூற்றுக்கணக்கானோர் வீடிழந்து வெளியேறினர்.

இவ்வுண்மைகளை வைத்துப் பார்க்கும்போது, நூற்றாண்டு கண்ட செங்கற் கட்டடங்கள் சூழ்ந்து நிற்க அவற்றின் காலடியில் இவ்வளவு பெரிய குழி வெட்டப்பட்டு, அவை நின்ற நிலையிலேயே நிற்கின்றன என்பது சிறிய செய்தி அன்று. பல ஆண்டுகள் ரிப்பன் கட்டடத்தின் முன்றிலும் பொது மண்டபத்தின் முன்றிலும் தகரத் தடுப்புகளுக்குப் பின்னே மறைந்து கிடந்தன. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், பின்னாளில் பெரியார் பெயர் தாங்கிய அச்சாலையில், வண்டிகள் சுற்றிச் சுற்றிச் சென்றன. ரயிலைப் பிடிக்க ஓடியவரும், நோயாளியை எதிர்ப்புறம் கொண்டு சென்றவரும் பட்ட பாட்டை எந்த மதிப்பீட்டு அறிக்கையும் கணக்கில் எழுதியிராது.

திறந்த தேதிகளையும் குறித்து வைப்போம். சென்னையில் முதல் மெட்ரோ ஓடியது 2015 ஜூன் 29இல், கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை; அது தூண்வழி. முதல் நிலத்தடிப் பகுதி, திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை, 2017 மே 14இல். சென்ட்ரலை எழும்பூர்த் தடம் வந்து தொட்டது 2018 மே 25இல். விமான நிலையத்திலிருந்து அண்ணாசாலை வழியாக வண்ணாரப்பேட்டை செல்லும் மற்றத் தடம் 2019 பிப்ரவரி 10இல்தான் முழுமை பெற்றது. ஆகவே ஏறத்தாழ ஒன்பது திங்கள் அந்நிலையம் ஒரு கண் திறந்து ஒரு கண் மூடிய நிலையில் இருந்தது எனலாம்.

உள்ளே

அவ்வாண்டின் இறுதியில், எண்பதை நெருங்கிய நம் தந்தையாரை அழைத்துக்கொண்டு சென்னை சென்றோம். எதிர்ப்புறத்து மருத்துவமனையில் அன்று நமக்கு வேலை இல்லை. உறவினர் இல்லத் திருமணத்துக்காக அண்ணாநகர் செல்ல வேண்டும். முன்னாளில் இது ஆட்டோக்காரரோடு வாதிடும் கட்டம். இம்முறை நாம் கீழே இறங்கினோம்.

நிலத்தடி நிலையங்களின் வாயிலில் ஒரு வேடிக்கை உண்டு. கீழே இறங்க வேண்டியவர் முதலில் சில படிகள் மேலே ஏற வேண்டும். மழைவெள்ளம் உள்ளே புகாதிருக்க வாயிலைச் சாலை மட்டத்தினும் உயர்த்தி அமைப்பதே முறை. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நகரத்துக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தந்தையார் மட்டும், "பள்ளத்துக்குப் போக எதுக்குடா மேடு ஏறணும்?" என்று கேட்டார். விளக்கியதும், "நம்ம ஊர்க் குளத்துப் படித்துறை மாதிரிதான்" என்றார். குளத்துக்கும் கரையேறித்தான் இறங்க வேண்டும்.

நிலையத்தின் பரப்பு ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் என்பர். நாட்டின் பெரிய நிலத்தடி நிலையங்களுள் ஒன்று. முதல் தளம் கூடம். சீட்டு வழங்கும் இடம், பரிசோதனை, தானே திறந்து மூடும் கதவுகள் யாவும் இங்குள்ளன. இக்கூடத்திலிருந்தே விழுதுகள் போல நடைவழிகள் பிரிகின்றன: ஒன்று சென்ட்ரலுக்கு, ஒன்று புறநகர் நிலையத்துக்கு, ஒன்று சாலைக்கு அடியே சென்று பூங்கா நிலையத்துக்கும் மருத்துவமனைப் பக்கத்துக்கும். கூடத்தின் கீழே நடைமேடைகள், ஒரே தளத்தில் அல்லாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக இரு தளங்களில் உள்ளன. ஒரு தளத்தில் பரங்கிமலைத் தடம், மற்றதில் விமான நிலையத் தடம். தடம் மாறுவோர் வெளியே வராமல் ஒரு தளம் ஏறியோ இறங்கியோ மாறிக்கொள்ளலாம். அடித்தளத்தை எட்டும்போது நாம் தெரு மட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மாடி ஆழத்தில் நிற்கிறோம்.

ரயில் நிலையம் என்றால் தண்டவாளத்தைக் காணலாம் என்று எண்ணிச் செல்பவர் ஏமாறுவர். நடைமேடையின் ஓரத்தில் தரை முதல் தலைக்கு மேல் வரை கண்ணாடிச் சுவர் நிற்கிறது. வண்டி வந்து, அதன் கதவுகள் இச்சுவரின் கதவுகளுக்கு நேராக நின்றபின், இரண்டும் ஒருங்கே திறக்கின்றன. தவறி விழுவோரைக் காப்பதும், குளிர்காற்று சுரங்கத்துக்குள் வீணே செல்லாதபடி தடுப்பதும் இதன் பயன்கள். வண்டிக்கு மின்சாரம் தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட்டில் கிடைக்கிறது. கொல்கத்தாவிலோ தண்டவாளத்தின் அருகே மூன்றாவது தண்டவாளம் ஒன்று 750 வோல்ட்டைத் தாங்கி ஓடுகிறது. நான்கு பெட்டிகள் கொண்ட சென்னை வண்டிகளுள் முதற்சில பிரேசில் நாட்டிலிருந்து கப்பலில் வந்தன. மற்றவை ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் உருவாயின. ஐதராபாத்திலிருந்து சென்னை செல்லும் நம் ரயில், தடாவைக் கடக்கும்போது அப்பட்டறைக்கு அருகாமையில்தான் செல்கிறது. அவ்வேளையில் நாம் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்போம்.

குறையும் கூற வேண்டும். மேலேயுள்ள ஊரின் நினைவு கீழே மிகக் குறைவு. பளிங்கு போன்ற தரையும் உருக்குக் கம்பிகளும் எந்நாட்டு நிலையத்துக்கும் பொருந்துவன. நாம் எந்தத் தெருவின் அடியில் நிற்கிறோம், தலைக்குமேல் நிற்பது ரிப்பன் மாளிகையா மணிக்கூண்டா என்று உணர்த்துவன அம்புக்குறிப் பலகைகளே. மூர் மார்க்கெட்டின் ஒரு பெரிய ஓவியத்தையேனும், பழைய டிராம் வண்டியின் படத்தையேனும் அக்கூடத்தின் நடுவே வைத்தால், காத்திருக்கும் பிள்ளைகள் தந்தையரிடம் ஏதேனும் கேட்பார்கள். மாஸ்கோ நிலையங்களின் சரவிளக்கை நாம் கேட்கவில்லை.

பெயரும் நீண்டுவிட்டது. 2019 ஏப்ரலில் மேலேயுள்ள ரயில் நிலையத்துக்கும், 2020 ஜூலையில் கீழேயுள்ள மெட்ரோ நிலையத்துக்கும் புரட்சித்தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்டது. சுமை தூக்குவோரும் ஆட்டோ ஓட்டுவோரும் இன்றும் 'சென்ட்ரல்' என்ற ஒரு சொல்லிலேயே வேலையை முடித்துக்கொள்கின்றனர். மக்கள் நாவுக்கு அரசாணை செல்லுபடியாகச் சில தலைமுறை வேண்டும்.

நம் நகரை நோக்கி

ஐதராபாத்தில் மெட்ரோ வழி சுல்தான் பஜார் ஊடே செல்லும் என்றபோது, அக்குறுகிய கடைவீதியின் வணிகரும் பழமை காக்க விழைந்தோரும் எதிர்த்தனர். சட்டமன்றக் கட்டடத்தின் முன்னே தூண்கள் எழுவதைக் குறித்தும் வாதம் நிகழ்ந்தது. வழியை மாற்றவும், நிலத்தடியில் அமைக்கவும் குரல்கள் எழுந்தன. 2014இல் புதிய மாநிலம் பிறந்த வேளையில் அவ்வாதம் உச்சத்தில் இருந்தது. இறுதியில் தூண்களே வென்றன. இன்று சுல்தான் பஜாரில் நிற்பவர் நிமிர்ந்து பார்த்தால் வானத்துக்குப் பதில் காங்கிரீட்டின் அடிவயிற்றைக் காண்கிறார். அமீர்பேட்டை நிலையத்தில் இரு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்திக்கும் அமைப்பு, சென்ட்ரலைத் தலைகீழாக நிறுத்தியது போன்றது. கூட்டம் நெரியும் மாலை வேளையில் அதன் படிகளில் ஏறும்போதெல்லாம் நமக்கு அவ்வெண்ணம் தோன்றாமல் இராது.

பாறையைக் குடைந்திருக்க வேண்டும் என்று நாம் எளிதில் கூறிவிடலாம். செலவு யாருடையது என்ற கேள்வி உடனே எழும். மண்ணைக் குடைந்த சென்னை, காலத்தாலும் கடனாலும் அதற்கு விலை கொடுத்தது. நம் நகரம் அவ்விலையைத் தன் வானத்தால் கொடுத்தது. இவ்விரண்டில் நாம் சென்னையின் பக்கமே நிற்போம். பணத்தைப் பின்னர் ஈட்டலாம்; மறைந்த முகப்பை மீட்டல் இயலாது. மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குத் தெற்கே, பழைய நகரத்துக்குள் செல்ல வேண்டிய தடம் முதற்கட்டத்தில் அமையவே இல்லை. சார்மினாரின் அண்டைப் பகுதியில் ரயில் எவ்வாறு செல்ல வேண்டும் என்று முடிவு செய்வோர், ஒருமுறை சென்னைக்குச் சென்று ரிப்பன் மாளிகையின் முன் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

தந்தையாரோடு சென்ற அன்று ஒன்று நிகழ்ந்தது. திருமணம் முடிந்து மறுநாள் மாலை அண்ணாநகரிலிருந்து அதே வழியில் சென்ட்ரலுக்குத் திரும்பினோம். வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கூடத்தில் ஒரு தூணருகே அவரை அமர்த்திவிட்டுத் தண்ணீர் வாங்கச் சென்றோம். திரும்பி வந்தபோது அவர் பலகைகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்கப்பா?"

"மூர் மார்க்கெட்டுக்கு எந்தப் பக்கம் ஏறணும்னு பாக்கறேன்."

அது எரிந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆயின என்பதை அவர் நம்மினும் நன்கறிவார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. புறநகர் நிலையத்தைக் காட்டிய அம்புக்குறியைப் பின்பற்றி, மின்தூக்கியில் ஏறி மேலே வந்தோம். வெளியே மாலை வெயில் மணிக்கூண்டின்மேல் விழுந்திருந்தது. அவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, புறநகர்க் கட்டடத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "அந்த மூலையில்தான் உன்னை இறக்கிவிட்டேன். புத்தகக்காரன் உன் கையில் ஒரு கிழிஞ்ச படப்புத்தகத்தைச் சும்மாவே கொடுத்தான். நீ வழி முழுக்க அதைக் கீழே வைக்கலை," என்றார்.

அப்புத்தகம் என்னவாயிற்று என்று கேட்டோம். அவருக்கு நினைவில்லை.